உலாத்தளத்துத் தேக்கு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு செட்டியார் வீட்டில் எங்கள் ஐயா முப்பது வருடம் சமையல் வேலை பார்த்தார். அந்த வீட்டு முகப்புத் தூணை நான் இரண்டு கையாலும் சேர்த்து அணைத்தாலும் விரலோடு விரல் தொடாது. கறுத்து, வழவழத்து, சித்திரை வெயிலிலும் குளிர்ந்து கிடக்கும் மரம். அடுப்படி வேலை முடிந்த மத்தியான நேரத்தில் ஐயா அதில் முதுகைச் சாய்த்து உட்காருவார். "இந்த மரத்து மேலதான்டா அப்பு, மூணு ராத்திரி படுத்துக் கிடந்தேன்" என்பார். தூண் மேல் எப்படிப் படுப்பது என்று சின்ன வயதில் எனக்கு விளங்கியதில்லை. அவர் சொன்னது ரங்கூன் கப்பலின் டெக்கை. பதினெட்டு வயதில், செட்டியார்மார் கிட்டங்கிக்குச் சமையலாளாக மதராசிலிருந்து அவர் கப்பல் ஏறியது டெக் டிக்கெட்டில்.

தூணும் டெக்கும் ஒரே காட்டு மரம். அந்த மரம் வந்த வழியைத் தேடுவதில் எனக்கு வெகுகாலம் போயிருக்கிறது.

தேக்கு நமக்குப் புதிய மரமல்ல. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு விருந்து தேக்கிலையில்தான் பரிமாறப்படுகிறது. போர்த்துகீசியர் மலபார்க் கரையில் காதில் வாங்கிய இந்தச் சொல்தான் 'டேக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. பம்பாயில் ஆங்கிலேயர் கட்டிய பெரிய பாய்மரக் கப்பல்கள் எல்லாம் மலபார்த் தேக்கு. வெட்டிய வேகத்தில் அந்தக் காடு தேய்ந்தது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கியதே அந்தப் பதற்றத்தில்தான். நட்ட மரம் பலகையாவதற்குள் இரண்டு தலைமுறை போய்விடும். கப்பல் கட்டுகிறவர்கள் அதுவரை பொறுப்பார்களா? பர்மாவின் தெனாசரிம் கரை 1826லேயே பிரிட்டிஷார் கைக்கு வந்து, மௌல்மீன் மரத் துறைமுகமாகியிருந்தது. 1852ல் பெகுவும் வந்தது. அதோடு ரங்கூனின் காலம் பிறந்தது.

ஐராவதிக்கும் சித்தாங் ஆற்றுக்கும் நடுவில் வடக்குத் தெற்காக நீளும் மலைக்காடு பெகு யோமா. இப்போது பாகோ யோமா என்கிறார்கள். மூங்கிலும் தேக்கும் கலந்து வளரும் இடம். 1856ல் இந்தக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர். யானை மேல் உட்கார்ந்து காட்டுக்குள் கோடு போட்டதுபோல் போய், கண்ணில் படும் தேக்குகளை அளவு வாரியாகக் கைக்குச்சியில் கத்தியால் கீறி எண்ணினாராம். அந்தக் கணக்கிலிருந்துதான் எந்த மரத்தை வெட்டலாம், எதை விடவேண்டும் என்ற முறை உருவானது. பின்னாளில் ஈரக்காடுகளுக்கு நிலைத்த விதி இது: மார்பு உயரத்தில் சுற்றளவு ஏழரை அடி இருந்தால்தான் மரத்தில் கை வைக்கலாம். அந்தப் பருமனுக்கு வர ஒரு தேக்குக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும்.

கை வைப்பது என்றால் வெட்டிச் சாய்ப்பது அல்ல. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆறு இல்லாமல் காட்டிலிருந்து ரங்கூனுக்கு வேறு பாதையும் கிடையாது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் மேல்மரத்தையும் வைரம் தெரியும்வரை வளையமாக வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து நீர் ஏறுவது நின்றுபோகும். மரம் நின்ற நிலையிலேயே சாகும், காயும். இரண்டு மூன்று வருடம் அப்படியே நிற்கவிட்டுப் பிறகுதான் கோடாலி. நூறு மழையைப் பார்த்த மரம் தன் இடத்திலேயே மூன்று வருடம் பிணமாக நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கனக்கும் இடம் இதுதான்.

அடுத்தது யானை. ஊஸி என்று பர்மியர் அழைக்கும் பாகன் கழுத்தில் உட்கார, இரண்டு மூன்று டன் கட்டையை யானை ஓடைப் படுகைக்கு இழுத்துப் போடும். இரவில் மேய விட்ட யானையைக் காலையில் தேடிக் கண்டுபிடிக்க அதன் கழுத்தில் ஒரு மரமணி தொங்கும். அதையும் தேக்கில்தான் குடைவார்கள். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் கட்டை நகரும், வற்றினால் வழியிலேயே படுத்துக்கொள்ளும், அடுத்த ஆடிக்காகக் காத்திருக்கும். எந்தக் கம்பெனியின் மரம் என்பது முனையில் சுத்தியலால் அடித்த முத்திரையில் தெரியும். பெரிய ஆற்றுக்கு வந்தபின் தெப்பம். அதன் மேலேயே குடிசை போட்டுப் பொங்கித் தின்றுகொண்டு தெப்பக்காரர்கள் ரங்கூன் வரை வருவார்கள். வளையம் வெட்டிய நாளிலிருந்து ரங்கூன் கரை சேர ஐந்து வருடம் சாதாரணம்.

இந்த மரத்துக்காக யுத்தமும் நடந்திருக்கிறது. மேல் பர்மாக் காடுகளில் குத்தகை எடுத்திருந்த பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கணக்கில் காட்டாமல் கட்டைகளைக் கடத்தியது என்று மன்னர் தீபோவின் அரசு 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மாண்டலேயில் காலூன்றிவிடுவார்களோ என்று ஏற்கெனவே கலங்கியிருந்த பிரிட்டிஷாருக்கு அது போதுமான சாக்கு. 1885 நவம்பரில் படை ஐராவதியில் ஏறியது, சில வாரத்தில் மன்னர் கைதியானார், பின்னர் ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டார்.

ரங்கூனில் மரக்கிடங்குகளும் அறுவை ஆலைகளும் ஆற்றோரம்தான்: அலோன், கெம்மண்டைன், பசுண்டவுங் ஓடை, அக்கரையில் டல்லா. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் ஷ்வேடகோன் பொற்கோபுரத்தைப் பார்த்த கையோடு இங்கே வருவார்கள். தந்தத்தால் கட்டையைத் தூக்கி, தும்பிக்கையால் பிடித்து, நெற்றியால் தள்ளி வரிசை பிசகாமல் அடுக்கும் யானைகளைப் பார்க்கத்தான். பார்த்துவிட்டு ஸ்டிராண்ட் ஓட்டலில் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி கப்பல். துறைமுகத்தில் நின்ற நாளை வீணாக்காமல் பயணிகளைக் கரைக்கு அழைத்துப்போய்க் காட்டிக் கூட்டிவரும் சேவைக்கு இன்றைய சொகுசுக் கப்பல்காரர்கள் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அதன் பழைய வடிவம் இது. தாங்கள் பார்த்துவிட்டுத் திரும்பிய கட்டையின் மேல்தான் அன்று மாலையும் உலாவப் போகிறோம் என்று அவர்களில் யாருக்காவது தோன்றியிருக்குமா?

யானைகளைப் பற்றி எழுதிய பயணிகள் அறுவை ஆலைக்கூலிகளைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் இந்தியர்கள், தெலுங்கர்கள் பெரும்பான்மை. தேக்கின் உடம்பில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. ரம்பப் பல்லை அது சீக்கிரம் மழுக்கிவிடும். அந்த மரத்தூள் நாள் முழுக்கப் போனது அவர்கள் மூச்சுக்குள்.

கப்பல் தளத்துக்குப் பலகை அறுப்பது தனிக் கலை. ஆண்டு வளையம் நெட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்தால்தான் வெயிலிலும் மழையிலும் பலகை கோணாது, நடக்க நடக்கச் சிம்பு எழும்பாது. தேக்கின் எண்ணெய் தண்ணீரைத் தடுக்கும், கப்பல் புழுவை எளிதில் அண்டவிடாது. இரும்பாணி அடித்தாலும் ஓக்கைப் போல ஆணியை அரிக்காது. நனைந்தாலும் கால் வழுக்காது. கடைசியாகச் சொன்ன குணம் ஒன்றே போதும், அதற்கு ஈடான மரம் கப்பல்காரர்களுக்குக் கிடைக்கவில்லை.

கட்டை கிளாஸ்கோவுக்குப் போன வழியில் ஹெண்டர்சன் கம்பெனிக் கப்பல்கள் நிறைய ஓடின. பெகு, யோமா, சகாயிங், கெம்மண்டைன் என்று பர்மா இடப்பெயர்களையே அவற்றுக்கு வைத்திருந்தார்கள். கிளைட் நதிக்கரைத் தச்சர்கள் எஃகுத் தளத்தின் மேல் தேக்குப் பலகையைப் பதித்து, மரையாணி முடுக்கி, ஆணித்தலை தெரியாமல் மேலே மர அடைப்பு வைப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையே சணல் நாரைத் திணித்துக் கீல் ஊற்றுவார்கள். நம் கடற்கரையில் தோணி கட்டுகிறவர்கள் இந்த வேலையைக் கலப்பற்று என்பார்கள். கறுப்புக் கோடுகள் நீளநீளமாக ஓடும் அந்தத் தளத்தைப் படத்தில் பார்த்தாலே கப்பல் என்று தெரிந்துவிடும்.

அந்தத் தளத்தின் மேல் நடந்த வாழ்க்கை தனி உலகம். லிவர்பூலிலிருந்து ரங்கூனுக்கு ஓடிய பிப்பி கம்பெனிக் கப்பல்கள் முதல் வகுப்புப் பயணிகளை மட்டுமே ஏற்றும் என்று பெயர் எடுத்தவை. செங்கடல் வெக்கையில் உள்ளறைக்காரர்கள் வெந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு உள்ளறையிலிருந்தும் ஒரு ஒடுங்கிய சந்து கப்பலின் வெளிச்சுவர் வரை நீண்டு ஒரு வட்டச் சன்னலில் முடியும்படி கட்டினார்கள். எல்லா அறைக்கும் காற்று, எல்லா அறைக்கும் கடல். இந்த அமைப்பு 'பிப்பி கேபின்' என்ற பெயரில் மற்றக் கப்பல்களுக்கும் பரவியது. ரங்கூன் பாதை பயணிக் கப்பல் கலைக்குக் கொடுத்த கொடை என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உலாத்தளத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக விரியும். நாற்காலிக்குப் பயண முழுமைக்கும் வாடகை உண்டு, உட்காருகிறவர் பெயர் ஒரு சீட்டில் எழுதி அதில் செருகியிருக்கும். பதினோரு மணிக்கு ஸ்டூவர்ட் சூடான சூப் கொண்டுவருவார், வெயில் ஏறினால் அதுவே குளிர்பானம் ஆகும். கயிற்று வளையத்தை வலைக்கு மேல் வீசி ஆடும் டெக் டென்னிஸ், நீளக்கோலால் தட்டைத் தள்ளி எண்ணிட்ட கட்டத்தில் நிறுத்தும் ஷஃபிள்போர்ட். வெப்பக் கடலுக்குள் நுழைந்ததும் கித்தானைத் தொட்டியாகக் கட்டிக் கடல்நீர் நிரப்பினால் நீச்சல் குளம். ராத்திரி மேலே துணிப்பந்தல் இழுத்து, வண்ண விளக்குப் போட்டு நடனம். குதிகால் எளிதில் சுழல அன்று மட்டும் பலகை மேல் மாப்பொடி தூவுவார்கள்.

விடிவதற்குள் அந்தப் பொடியின் சுவடே இருக்காது. கிழக்கு வெளுக்கும் முன் வெறுங்காலோடு வரிசையாக வந்து, கடல்நீரைக் கொட்டி, மணற்கல்லால் பலகையை அதன் ஓட்டத்திலேயே தேய்த்து வெளுக்கவைத்தவர்கள் லஸ்கர்கள் என்ற நம் நாட்டு மாலுமிகள். அவர்களுக்கு மேலே தண்டல், தண்டலுக்கு மேலே சாரங்கு. ஆங்கிலக் கப்பல் பதிவேடுகளில் 'டிண்டல்' என்று இருப்பது நம் தண்டல்தான். பயணி கண் விழிக்கும்போது தளம் காய்ந்து, வெள்ளி போல் சாம்பல் நிறத்தில் மின்னும். சொகுசுக் கப்பலில் சேவை என்பதன் அடிப்படை இதுதான் என்று நினைக்கிறேன்: செய்தவர் கண்ணில் படாமலே எல்லாம் செய்து முடிந்திருக்கும்.

மதராஸ் – ரங்கூன் கப்பல்களில் 'டெக்' என்ற சொல்லின் பொருளே வேறு. அங்கே அது ஒரு வகுப்பின் பெயர். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்களில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சில பத்துப் பேருக்கு, மீதி எல்லாம் டெக். அந்தக் கம்பெனிக்காக 1926ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் பாதையில் ஓடிய 'ரஜூலா' தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. ரங்கூன் பாதையின் நெரிசலும் அதற்குக் குறைந்ததல்ல. 1927ல் மட்டும் ரங்கூனில் வந்து இறங்கிய இந்தியர் 4 லட்சத்துக்கு மேல். 1931 சென்சஸில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்.

ஐயா விவரிக்கும் பயணத்தில் நாற்காலி கிடையாது. கப்பலில் கால் வைத்ததும் ஓடிப்போய்ப் பாயை விரித்து இடம் பிடிக்கவேண்டும். தலைமாட்டில் தகரப் பெட்டி, கால்மாட்டில் அடுத்தவர் தலைமாடு. அப்பத்தா கட்டிக்கொடுத்த புளிச்சோறு இரண்டு நாளைக்கு. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குச் செம்போடு வரிசை. முதல் நாள் எல்லாரும் வாந்தி. இரண்டாம் நாள் ராத்திரி யாரோ ஒருவர் பவளக்கொடி பாட்டு எடுத்தாராம், தெலுங்கர்கள் பக்கமிருந்து ஒருவர் தாளம் தட்டினாராம். "மேல வெள்ளைக்காரன் நடக்குற சத்தம் கேக்கும்டா. டக் டக்குனு. தூக்கம் வராட்டி அதை எண்ணிக்கிட்டே கிடப்பேன்." மேலே செருப்புக்குக் கீழே இருந்ததும் பலகை, இங்கே ஐயாவின் முதுகுக்குக் கீழே இருந்ததும் பலகை. அது என்ன மரம் என்று ரங்கூனில் ஒரு தச்சர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பிய பிறகு, ரங்கூன் மொகல் தெரு கிட்டங்கி லாபத்தில் கட்டிய வீடுகளின் தூண்களைப் பார்த்ததும் தடவிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

1941 டிசம்பர் 23ல் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தது கையில் காசும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு. நெருக்கடி முற்றிய நேரத்தில் டெக் டிக்கெட் விற்பதையே நிறுத்திவைத்தார்கள். தரைவழியாக நடந்து வந்தவர்கள் லட்சக்கணக்கில். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். வெ. சாமிநாத சர்மா அந்த வழியை நடந்து வந்து எழுதிய நூலைத் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்கவேண்டும். ஐயாவும் நடந்தார். சிந்த்வின் ஆற்றைக் கடந்து, டமு வழியாக மணிப்பூர்.

வழியில் அவர் பார்த்தவற்றில் பலவற்றைக் கடைசிவரை சொன்னதில்லை. சொன்னது ஒன்று. "அங்கதான்டா அந்த மரத்த உயிரோட பார்த்தேன். பங்குனி மாசம், ஒரு இலை கிடையாது, மொட்டையா நின்னுச்சு. கீழ பூராம் சருகு. அப்பளத்த மிதிச்சா மாதிரி நொறுங்கும். ராத்திரி அந்தச் சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு யாரும் நடக்கமாட்டோம்." சில மரங்களின் அடியில் வளையம் வெட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறார். நிற்கவைத்தே கொன்ற மரங்கள், பின்னால் வந்து எடுத்துப்போக ஆளில்லாமல் அந்த வருடம் அப்படியே நின்றன.

போருக்குப் பிறகு கடல்தாண்டிப் போகிறவர்கள் விமானத்துக்கு மாறினார்கள், கப்பல் பயணம் உல்லாசமாக மாறியது. தேக்கு மட்டும் அதன் இடத்தில் இருந்தது. 1936ல் ஓடத் தொடங்கிய குயின் மேரி இப்போது கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஓட்டலாக நிற்கிறது. அதன் தளத்தில் இன்றும் தேக்கைப் பார்க்கலாம். 2004ல் வந்த குயின் மேரி 2ன் ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றிவரும் தேக்கு நடைபாதை இருக்கிறது, மூன்று சுற்று வந்தால் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். திரையரங்கும் ஸ்பாவும் கேசினோவும் வந்தபிறகும் விடிகாலையில் பயணிகள் இறங்கி நடப்பது அந்தப் பலகை மேல்தான்.

ரங்கூன் இப்போது யாங்கூன். ஆறு ஆழமில்லாதது, மங்கி பாயிண்ட் அருகே மணல்மேடு வேறு. பெரிய கப்பல்கள் ஓதம் பார்த்து, நகரத்துக்குத் தெற்கே திலவாத் துறையில் நிற்கும், அங்கிருந்து பேருந்தில் ஷ்வேடகோன். அந்த வருகையும் 2020க்குப் பிறகு பெரும்பாலும் நின்றுபோனது. மரத்தின் பாதையும் அடைபட்டது. 2014 ஏப்ரலில் மியன்மார் முழுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. பிறகு பாகோ யோமாவில் பத்து வருடத்துக்கு மரம் வெட்டுவதே நிறுத்தப்பட்டது. பிராண்டிஸ் எண்ணி வைத்த காடு அந்த அளவுக்குக் காலியாகியிருந்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அரசின் மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. புதிய கப்பல்கள் பலவற்றில் இப்போது தளம் செயற்கைத் தேக்கு: பிசினை ஊற்றி, தேக்கின் நிறம் கொடுத்து, கலப்பற்று மாதிரி கறுப்புக் கோடும் போட்டுவிடுகிறார்கள். எடை குறைவு, பராமரிப்பு குறைவு, ஒரு காட்டையும் வெட்டவேண்டாம். நல்லது என்றே சொல்வேன். ஆனாலும் வெயிலில் வெறுங்கால் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பழைய பலகைகள் எங்கே போயின? ரஜூலா 1974ல் பம்பாயில் உடைபட்டது. அதற்குப் பின் வந்த பெருங்கப்பல்கள் பலவற்றுக்குக் கடைசித் துறை குஜராத்தின் அலாங். கடற்கரையில் கப்பலை ஏற்றி நிறுத்தி அங்கேயே பிரிக்கிறார்கள். ஊருக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் கடைகள். கப்பல் கட்டில், சோபா, பீங்கான் தட்டு, உயிர்காப்புச் சட்டை, நட்சத்திரம் வரைந்த நடனக்கூடக் கண்ணாடி எல்லாம் வெயிலில் விற்பனைக்குக் கிடக்கும். நான் போன அன்று ஒரு கடையின் பின்புறத்தில் தளப்பலகைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஓரங்களில் கீல் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆணி இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் துளைகள். எந்தக் கப்பல் என்று கேட்டேன், கடைக்காரர் கையை விரித்தார். எத்தனையோ கப்பலின் பலகை கலந்துவிட்டது, சாப்பாட்டு மேசைக்கு நன்றாக இருக்கும் என்றார்.

நான் நம்பாமல் பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளேயிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டார். அவன் சாம்பல் பூத்திருந்த ஒரு பலகையை எடுத்துக் குறுக்கே வைத்து, இழைப்புளியை இரண்டு தடவை ஓட்டினான். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. அடியில் தேன் நிறம், அதன் மேல் எண்ணெய்ப் பசை. தோலும் மிளகும் கலந்தது போல ஒரு வாசனை எழுந்தது. செட்டியார் வீட்டு முகப்பில், ஐயா முதுகு பட்டுப் பட்டு மெருகேறிய அந்த இடத்தில் மூக்கை வைத்தால் வரும் அதே வாசனை.